களம் கேட்கும் கணிதம்

1983-ஆம் ஆண்டு ஜூலை 23. கனடா நாட்டின் மொன்றியல் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்லவேண்டிய ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 வானூர்தி புறப்பாட்டுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. தொட்டிகளில் எரிபொருள் எவ்வளவு உள்ளது என்று காட்டும் கருவி அன்று வேலை செய்யவில்லை. எனவே இறக்கைகளின் அடியில் பொருத்தப்பட்டிருந்த அளவுகோல்களைக் கொண்டு நேரடியாக அளந்தார்கள். இருப்பு 7,682 லிட்டர். பயணத்திற்கு வேண்டியதோ 22,300 கிலோகிராம். இருப்பு கன அளவில் இருக்கிறது. தேவை நிறையில் இருக்கிறது. இன்னும் எத்தனை லிட்டர் நிரப்பவேண்டும் என்பதே கேள்வி.

இக்கணக்கில் நுண்கணிதம் இல்லை, முக்கோணவியல் இல்லை. ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவே. ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை 0.803 கிலோகிராம். ஆகவே இருப்பு ஏறத்தாழ 6,169 கிலோகிராம். மேலும் வேண்டியது 16,131 கிலோகிராம். அதனை 0.803 ஆல் வகுத்தால் 20,088 லிட்டர் கிடைக்கும்.

அன்று நிரப்பப்பட்டது 4,917 லிட்டர் மட்டுமே. கணக்கிட்டவர்கள் 0.803 என்னும் எண்ணுக்கு மாறாக 1.77 என்னும் எண்ணைப் பயன்படுத்தியிருந்தனர். அந்த எண்ணும் தவறான எண் அன்று. ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைப் பவுண்டு அலகில் குறிக்கும் சரியான எண் அது. அந்நிறுவனத்தின் பழைய வானூர்திகள் பவுண்டுக் கணக்கில் இயங்கின. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் வந்த 767 வகையே கிலோகிராம் கணக்கை மேற்கொண்டது. மேலும், முன்பு எரிபொருள் கணக்கைப் பார்த்துவந்த பறத்தல் பொறியாளர் என்னும் மூன்றாமவர் இப்புதிய வானூர்தியில் இல்லை. அவருடைய வேலை யாருக்குச் சேரும் என்பது எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. ஒட்டாவாவில் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தார்கள். அங்கும் அதே 1.77 கொண்டே சரிபார்த்தார்கள். விடை பொருந்திவிட்டது.

வேண்டிய அளவில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் 69 பேரைச் சுமந்து வானூர்தி மேலெழுந்தது. நடுவானில், முதலில் ஓர் இயந்திரமும் பின்னர் மற்றோர் இயந்திரமும் நின்றுபோயின.

இங்கே சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது. மண்ணெண்ணெய் நீரில் மிதக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. வானூர்தி எரிபொருள் மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது. நீரில் மிதக்கும் பொருளின் ஒரு லிட்டர் 1.77 கிலோகிராம் இருக்க இயலாது. இந்த ஓர் எண்ணம் எவரேனும் ஒருவர் மனத்தில் எழுந்திருந்தால் அந்தத் தாள் கிழிக்கப்பட்டுப் புதிய கணக்குப் போடப்பட்டிருக்கும். பெருக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்; பெருக்கி வந்த எண்ணை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே அங்கில்லை.

வகுப்பறைக் கணக்கும் பணிக்களக் கணக்கும்

பாடநூலில் வரும் கணக்கு ஏற்கெனவே பாதி தீர்க்கப்பட்டது. எவை தரவுகள் என்பதை நூலாசிரியர் தேர்ந்தெடுத்துவிட்டார். அவற்றை ஒரே அலகில் அமைத்துக் கொடுத்துவிட்டார். எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவது என்பதை அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. மாணவர் செய்யவேண்டியது எஞ்சிய பாதி. விடை சரியா என்று பார்க்க நூலின் இறுதிப் பக்கமும் இருக்கிறது.

பணிக்களத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. தேவையான தரவு கிடைக்காது; தேவையற்ற தரவு குவிந்து கிடக்கும். ஒரு வரைபடம் அங்குலத்திலும் மற்றொன்று மில்லிமீட்டரிலும் இருக்கும். எது பொருட்படுத்தத் தக்கது, எது விட்டுவிடத் தக்கது என்பதைப் பொறியாளரே முடிவு செய்யவேண்டும். விடை சரியா என்பதைச் சொல்லும் இறுதிப் பக்கம் பாலமாகவோ கட்டடமாகவோ எழுந்து நிற்கும். அதன்மேல் மக்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

பொறியியல் பயிலச் செல்லும் மாணவர் பலர் முதலிரண்டு ஆண்டுகளில் உயர் கணிதம் கற்கின்றனர், தேர்விலும் வெல்கின்றனர். மூன்றாம் ஆண்டில் மின்சுற்றுப் பாடத்திலோ கட்டமைப்புப் பாடத்திலோ அதே கணிதம் வேறு குறியீடுகளில் வந்து நிற்கும்போது அதனை அடையாளம் காணாமல் திகைக்கின்றனர். கணிதத் துறை ஓரிடத்திலும் பொறியியல் துறை ஓரிடத்திலுமாகத் தனித்தனியே கற்பிப்பதன் விளைவு இது. இக்குறை புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே இதனை எதிர்த்துக் குரல்கொடுத்த ஒருவர் இருந்தார்.

ஜான் பெர்ரியின் கட்டத்தாள்

அவர் பெயர் ஜான் பெர்ரி. அயர்லாந்தில் 1850-ஆம் ஆண்டில் பிறந்த பொறியாளர். இளமையில் கெல்வின் பிரபு என்று பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் தாம்சனிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1875-ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று டோக்கியோவின் பொறியியல் கல்லூரியில் நான்காண்டுகள் கற்பித்தார். பின்னர் இலண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். பகலெல்லாம் பட்டறைகளில் வேலை செய்துவிட்டு மாலையில் படிக்க வந்த தொழிலாளர்களும் அவருடைய மாணவர்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் கணிதக் கல்வி என்றால் யூக்ளிடின் தேற்றங்களை வரிசை பிறழாமல் மனப்பாடம் செய்வது என்று பொருள். நிறுவல் முழுவதும் கற்ற பின்னரே பயன்பாடு. நுண்கணிதம் என்பதோ மிகச் சிலருக்கு மட்டுமே உரிய உயர்நிலைப் பாடம். பெர்ரி இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் அளந்து பார். அளந்தவற்றைக் கட்டத்தாளில் புள்ளிகளாகக் குறி. புள்ளிகள் ஒரு கோட்டில் விழுகின்றனவா என்று பார். கோட்டின் சாய்வு எதனைச் சொல்கிறது என்று கேள். அந்தச் சாய்வுதான் வகைக்கெழு என்று பின்னர் அறிந்துகொள். இதுவே அவர் வழி. இன்று ஒவ்வொரு மாணவரின் பையிலும் இருக்கும் வரைபடத்தாள் அன்று அரிய பொருளாக இருந்தது. அதனை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில் பெர்ரிக்கும் அவருடைய நண்பர் அயர்ட்டனுக்கும் பெரும் பங்குண்டு.

1897-ஆம் ஆண்டில் பொறியாளர்களுக்கான நுண்கணித நூலொன்றை அவர் வெளியிட்டார். 1901-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் மன்றக் கூட்டத்தில், கணிதம் கற்பிக்கும் முறை மாறவேண்டும் என்று அவர் ஆற்றிய உரை பெரும் விவாதத்தை எழுப்பியது. கணிதத்தின் தூய்மையைக் கெடுக்கிறார் என்று எதிர்த்தவர்கள் இருந்தனர். அந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறுவலை அறவே விட்டுவிட்டுப் பயன்பாட்டை மட்டும் கற்பவர், பழகிய பாதையில் மட்டுமே நடப்பார். பாதை முடிந்த இடத்தில் நின்றுவிடுவார். ஆனால் பெர்ரி நிறுவலை வேண்டாமென்று சொல்லவில்லை. பசி எழுந்த பின் உணவிடுங்கள் என்றே கேட்டார்.

எண்களைக் கையாளும் திறத்தைவிட, எண்களுக்கு அடியிலுள்ள அனுமானத்தைக் கேள்வி கேட்கும் துணிவே பொறியாளருக்கு முதன்மையானது. அதற்கு பெர்ரியின் வாழ்வே சான்று. பூமியின் வயது என்ன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வினாக்களுள் ஒன்று. உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவரும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று 1862-இல் கெல்வின் அறிவித்தார். பிற்காலத்தில் அவ்வரம்பை இன்னும் சுருக்கினார். பாறை அடுக்குகளை ஆராய்ந்தவர்களுக்கு அக்காலம் போதவில்லை. எனினும் கெல்வினின் கணிதத்தில் பிழை காண எவராலும் இயலவில்லை.

1895-இல் பெர்ரி அக்கணக்கை எடுத்துப் பார்த்தார். கணிதத்தில் பிழை இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் பூமியின் மேற்பரப்பும் ஆழமும் ஒரே அளவில் வெப்பத்தைக் கடத்துகின்றன என்று கெல்வின் எடுத்துக்கொண்டிருந்தார். உட்பகுதி வெப்பத்தை இன்னும் எளிதாகக் கடத்துமானால் என்னாகும் என்று பெர்ரி கேட்டார். அந்த ஒரு மாற்றத்தைச் செய்தவுடன் வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் செல்ல இடம் ஏற்பட்டது. தம் ஆசானை எதிர்த்து எழுத அவர் பெரிதும் தயங்கினார், ஆயினும் எழுதினார். கெல்வின் ஏற்கவில்லை. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்று அறியப்பட்டுள்ளது.

கூட்டலைக் கேட்காத கூடம்

அனுமானம் மாறும்போது கணக்கையும் மாற்றவேண்டும் என்பதை மறந்ததால் நேர்ந்த துயரம் ஒன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் 1981-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று நிகழ்ந்தது. ஹையத் ரீஜென்சி விடுதியின் உயர்ந்த கூடத்தில் இரண்டாம் தளத்திலும் நான்காம் தளத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரு நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. அன்று மாலை கூடத்தில் நடன நிகழ்ச்சி. மக்கள் திரண்டிருந்த வேளையில் இரு பாலங்களும் அறுந்து வீழ்ந்தன. 114 பேர் உயிரிழந்தனர்.

முதலில் வரையப்பட்ட திட்டத்தில், கூரையிலிருந்து ஒரே நீண்ட கம்பி இறங்கி நான்காம் தளப் பாலத்தின் விட்டத்தை ஊடுருவி இரண்டாம் தளப் பாலம் வரை செல்லும். ஒவ்வொரு விட்டத்தின் அடியிலும் ஒரு மரை. மேல் மரை மேற்பாலத்தைத் தாங்கும். கீழ் மரை கீழ்ப்பாலத்தைத் தாங்கும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை ஓட்டுவது கடினம் என்பதால், ஒரு கம்பிக்கு மாறாக இரண்டு கம்பிகள் என மாற்றப்பட்டது. ஒன்று கூரையிலிருந்து மேற்பாலம் வரை. மற்றொன்று மேற்பாலத்தின் விட்டத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை.

வரைபடத்தில் இது சிறிய மாற்றமாகவே தோன்றும். ஒரு கயிற்றை இருவர் மேலும் கீழுமாகப் பற்றித் தொங்குவதாகக் கொள்வோமாயின், மேலே இருப்பவரின் கை அவருடைய எடையை மட்டுமே தாங்கும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பற்றிக்கொண்டால் என்னாகும்? கயிற்றின் சுமை மாறவில்லை. மேலிருப்பவரின் கை தாங்கவேண்டிய சுமை இருமடங்காகிவிட்டது. கன்சாஸ் விடுதியில் மேல் மரைக்கு நேர்ந்தது இதுவே. ஒரு பாலத்தின் சுமையை வ எனக் கொண்டால் அது தாங்கவேண்டியது வ அன்று, வ + வ. முதல் திட்டமே நகர விதிகள் கோரிய வலிமையில் 60 விழுக்காடு மட்டுமே கொண்டிருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. மாற்றம் அதனையும் பாதியாக்கிற்று. அந்தக் கூட்டலைப் போடும் ஆற்றல் அங்கிருந்த எல்லாருக்கும் உண்டு. மாற்றத்திற்கு ஒப்புதல் வழங்கியபோது, சுமை செல்லும் பாதையை மீண்டும் ஒருமுறை விரலால் தொட்டுக்கொண்டு வந்தவர்தாம் இல்லை.

தோராயம் என்னும் நுட்பம்

தோராயம் என்பதைத் துல்லியத்தின் எதிர்ச்சொல்லாக மாணவர்கள் எண்ணுவது உண்டு. பொறியாளருக்கு அது துல்லியத்தின் காவலாள். பதினொன்றாம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றம் கற்பவர், x மிகச் சிறியதாயின் (1 + x)ⁿ என்பது ஏறத்தாழ 1 + nx ஆகும் என்பதை அறிவார். கனசதுரத் தொட்டியொன்றின் ஒவ்வொரு பக்கமும் 2 விழுக்காடு கூடிவிட்டால் அதன் கொள்ளளவு எவ்வளவு கூடும்? 1.02-ஐ மும்முறை பெருக்கவேண்டியதில்லை. 6 விழுக்காடு என்று உடனே சொல்லிவிடலாம். பெருக்கிப் பார்த்தால் 6.12 வரும். கட்டுமான இடத்தில் நின்றுகொண்டு முடிவெடுக்கும் ஒருவருக்கு அந்த 6 போதும்.

கனடாவின் கியூபெக் பாலத்தைத் திட்டமிட்டவர்கள் அதன் நடுக்கண்ணின் நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக உயர்த்தினர். கூடுதல் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் எல்லா அளவுகளும் அதே விகிதத்தில் வளர்வதாகக் கொண்டால் எடை ஏறத்தாழ 42 விழுக்காடு ஏறும். உண்மைப் பாலம் அப்படியே ஒரே விகிதத்தில் வளர்வதில்லை; எனினும் எடை எந்தப் பக்கம் செல்லும் என்பதை இக்கணக்கு உரக்கச் சொல்லிவிடுகிறது. பாலத்தின் தன் எடையை உரிய காலத்தில் மறுபடியும் கணக்கிடாமலே வேலை தொடர்ந்தது. 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டி முடிக்கப்படும் முன்னரே அது சரிந்தது. 75 தொழிலாளர்கள் மாண்டனர்.

இத்தகைய மதிப்பீட்டைப் பழகுவதற்குத் தொலைவான நாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியே போதும். மக்கள் ஏறிச் செல்லும் மாடிக்கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோகிராம், நடமாடும் சுமையாகக் கொள்ளவேண்டும் என்பது இந்தியத் தரநிலை. ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கும் தொட்டியை அங்கு வைத்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு கன மீட்டர் நீர். அதாவது 1,000 கிலோகிராம். கூரை எதிர்பார்த்ததைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். கொத்தனார்கள் தொட்டியைக் கூரையின் நடுவில் வைக்காமல் தூண்களுக்கு மேலே மேடை கட்டி வைப்பதன் காரணம் இந்த ஒற்றைப் பெருக்கலில் அடங்கிக் கிடக்கிறது. கணக்கை எழுதாமலே அனுபவத்தால் அதனை அறிந்த கொத்தனாரும், அனுபவம் இல்லாமல் கணக்கால் அறிந்த மாணவரும் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவேண்டியது நிறைய உண்டு.

சங்கிலியும் வெயிலும்

பணிக்களத்திற்கெனக் கணிதம் கற்பித்தல் தமிழ்நாட்டிற்கும் பழைய செய்தியே. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளியாகும். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1802-இல், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணியின் முதற்கோடு அதுவே. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணம் அமையும். சைன் விதி கற்ற எவருக்கும் இதன் அடிப்படை விளங்கும்.

அளக்கப் பயன்பட்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எஃகு தன் நீளத்தில் ஏறத்தாழ 0.000012 பங்கு நீளும். மிக அற்பமான எண். ஆயினும் 10 டிகிரி வேறுபாட்டைக் கவனியாது விட்டால் 12 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1.4 மீட்டர் பிழை சேரும். முதற்கோட்டின் பிழை அதே விகிதத்தில் ஒவ்வொரு முக்கோணத்திலும் பரவும். 2,000 கிலோமீட்டர் வடக்கே செல்லும்போது அது 240 மீட்டராகியிருக்கும். எனவேதான் சங்கிலிக்குக் கூடாரம் அமைத்து நிழல் தந்தார்கள். அருகே வெப்பமானிகளை வைத்து ஒவ்வோர் அளவையும் திருத்தினார்கள். 1804-இல் பெங்களூரு அருகே மற்றோர் அடிக்கோட்டை நேரில் அளந்து, முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். முதல்முறை பயன்படுத்திய எண்ணையே கொண்டு மறுமுறை சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. வேறொரு வழியில் சென்று அதே இடத்தை அடைவதே சரிபார்ப்பு. ஒட்டாவாவில் செய்ததற்கும் பெங்களூரில் செய்ததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கணினி இருக்கக் கணக்கு எதற்கு?

இன்று கணக்கிடும் வேலை பெரும்பாலும் கணினியைச் சேர்ந்துவிட்டது. பின் எதற்காக மாணவர் இதனைப் பயிலவேண்டும் என்ற வினா இயல்பானது. நார்வே நாட்டின் வடகடல் எரிவாயு மேடையான ஸ்லெய்ப்னர் ஏ இவ்வினாவுக்கு ஒரு விடை. அதன் கற்காரை அடித்தளம் கடலுக்குள் 82 மீட்டர் ஆழத்தில் நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. வடிவமைப்பாளர்கள் அதனைக் கணினியில் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு கூறிலும் விசையைக் கணக்கிட்டனர். சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் அக்கூறுகள் போதிய நுண்மையுடன் அமையவில்லை. அதனால் சுவரை நறுக்கித் துண்டாக்க முயலும் விசை உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. கணினி எச்சரிக்கவில்லை, கேட்டதற்குப் பல இலக்கத் துல்லியத்துடன் விடை தந்தது.

1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனைக்காக நீரில் இறக்கியபோது, 65 மீட்டர் ஆழத்தில் சுவர் பிளந்தது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் 65 டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு ஈடான நீரழுத்தம் இருக்கும். முழு அடித்தளமும் கடலடியில் நொறுங்கிக் கிடந்தது. பின்னர் கவனத்துடன் மீண்டும் கணக்கிட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்ற விடை வந்தது. ஆக, கணித முறையில் குறை இல்லை. கணினியிடம் கொடுத்த மாதிரியில்தான் குறை. மாதிரியை ஐயுறுவதற்கு ஒரு தாளும் பென்சிலும் கொண்டு முன்கூட்டியே போட்ட தோராயக் கணக்கு வேண்டும். விடை எவ்வளவு வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாதவருக்குக் கணினி சொல்வதெல்லாம் உண்மையாகவே தோன்றும்.

ஆகவே பணிக்களத்திற்கு மாணவரை அணியப்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் சில பழக்கங்களை வற்புறுத்துகின்றனர். கணக்கைத் தொடங்கும் முன் விடையை ஊகித்து ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். எண்ணோடு அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்கிறார்கள். அன்று அந்தத் தாளில் 1.77 என்பதன் பின்னே பவுண்டு என்ற சொல் நின்றிருக்குமானால் கிலோகிராமோடு அது சேர மறுத்திருக்கும். வேண்டாத தரவுகள் கலந்த கணக்குகளையும் வேண்டிய தரவு குறைந்த கணக்குகளையும் வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். தரவு போதாது, இன்னது வேண்டும் என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரும் துணிவு ஆசிரியருக்கும் வேண்டும். தேர்வுமுறை அதற்கு இடம் தருகிறதா என்பது வேறு செய்தி. இவற்றையெல்லாம்விடக் கடினமானது, தாம் போட்ட கணக்கை மற்றவர் புரிந்துகொள்ளும்படி தெளிந்த மொழியில் எடுத்துரைப்பது. பொறியாளரின் கணக்கு அவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. வரைபவரும் வார்ப்பவரும் பூட்டுபவரும் அதனைப் படிக்கிறார்கள். கணிதம் கற்கும் மாணவருக்கு மொழிப்பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எரிபொருள் தீர்ந்த அந்த வானூர்தியில், தலைமை விமானி இராபர்ட் பியர்சன் ஓய்வு நேரங்களில் இயந்திரமில்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மொரிஸ் கின்டல் அருகில் அமர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார். வின்னிபெக் நிலையத்தின் ரேடார் சொன்ன தொலைவையும் வானூர்தி இழந்த உயரத்தையும் அவர் ஒப்பிட்டார். 10 கடல்மைல் செல்வதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தார்கள். பத்துக் கடல்மைல் என்பது ஏறத்தாழ 60,000 அடி. ஆகவே ஓர் அடி இறங்கும்போது 12 அடி முன்னே செல்கிறது. எஞ்சிய உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினார். வின்னிபெக் வரை செல்ல அது போதாது.

இளமையில் வான்படையில் பணிபுரிந்தபோது தாம் இருந்த கிம்லி என்னும் பழைய தளம் அண்மையில் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. அங்கே திரும்பினார்கள். கைவிடப்பட்ட அந்த ஓடுதளம் மகிழுந்துப் பந்தயத்திடலாக மாறியிருந்ததை இருவரும் அறியார். அன்று அங்கே மக்களும் கூடியிருந்தனர். ஓசையின்றி இறங்கிய வானூர்தியின் முன்சக்கரம் மடிந்தது. மூக்கு தரையில் உராய்ந்து பொறி பறக்கச் சறுக்கிச் சென்று, கூடியிருந்தவர்களை எட்டும் முன் நின்றது. 69 பேரும் உயிருடன் வெளியே வந்தனர்.